தோல் நோயும் ஆண்மை அச்சமும்

சொரியாசிஸ் எனும் செதில் படை நோய் கண்ட ஆண்களை வாட்டுவது அரிப்பு மட்டுமன்று; ஆண்மையும் குன்றிவிடுமோ என்ற அச்சமும்தான். வெளியே சொல்ல நாணி, இல்லாளிடமும் மறைத்து, விளம்பரங்களை நம்பி ஊசி போட்டுக்கொள்வோர் உண்டு. அத்தகைய சகோதரர்கள் உண்மை நிலையை அறிந்துகொள்வது நலம்.

இது தொற்று நோயன்று. முற்காலத்தில் இதனைத் தொழுநோயென்று கருதி நோயாளிகளை ஒதுக்கி வைத்தனர். இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1841ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா தெளிவுபடுத்தினார். உடலின் எதிர்ப்பாற்றல் நெறி பிறழ்வதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோலணுக்கள் சில நாட்களிலேயே பெருகிக் குவிகின்றன. அவையே செதில்கள்.

இதற்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு? இரண்டையும் இணைக்கும் முக்கியக் கண்ணி உடற்பருமன். கொழுப்புத் திசுவிலுள்ள ஒரு நொதி, ஆண் ஹார்மோனின் ஒரு பகுதியைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. அதே கொழுப்பு உடலில் அழற்சியையும் தூண்டித் தோல் நோயை முற்றச் செய்கிறது. ஆகவே பருமனானவர்கள் எடையைக் குறைத்தால் இரண்டுமே சீர்படக் காணலாம். புகைபிடித்தலை விடுவது தோலுக்கும் நல்லது, ஆண்மைக்கும் நல்லது.

ஐயமிருப்பின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த ஹார்மோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும். எனவே காலை வேளையில், வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மாலைநேரச் சோதனையைக் கண்டு கலங்கலாகாது.

மருத்துவர் சொல்லாமல் ஹார்மோன் ஊசியை நாடாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்தால், மூளை விரைகளுக்கு இடும் கட்டளை தடைப்படும். விந்தணு உற்பத்தி குறையும், நின்றும் போகலாம். ஆண்மையைக் காக்க எண்ணிப் போட்ட ஊசியே குழந்தைப் பேற்றைத் தடுத்துவிடும்!

ஸ்டீராய்டும் ஹார்மோன் வகையைச் சார்ந்ததே. அதனை மாத்திரையாகவோ ஊசியாகவோ பெற்றுத் திடீரென நிறுத்தினால், படை முன்னிலும் கடுமையாகி, சீழ்க் கொப்புளங்களாகவும் வெடிக்கக்கூடும். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் கையிலிருக்கட்டும். காலையில் மூட்டுகள் விறைத்து வலித்தால் அதையும் அவரிடம் மறைக்க வேண்டாம்.

சகோதரிகளே! கணவரின் தட்டையும் படுக்கையையும் பிரித்து வைக்காதீர்கள். மனக்கவலை இந்நோயை வளர்க்கும். உங்கள் கனிவு அவருடைய சுமையைக் குறைக்கும்.