நோய்க்குறிப்பு யார் கையில்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க இயலாத சேரி மக்களுக்கு இது பேருதவி. ஆனால் மாத்திரை வரும் அதே வழியில் நோயாளியின் தகவல்கள் வெளியே செல்கின்றன. அவற்றை யார் காண்பார்கள்?

அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்றிய அரசு நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், 14 இலக்கச் சுகாதார எண்ணை வழங்குகிறது. எந்தக் குறிப்பை, யாருக்கு, எவ்வளவு காலம் காட்டுவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம் என்கிறது அதன் விதி. நடைமுறையிலோ அந்த ஒப்புதல் பெரும்பாலும் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணாகச் சுருங்குகிறது. வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியும் மகனிடம் இருக்கையில், தாய் எதற்கு இசைந்தார்?

சட்டமும் கைகொடுக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியையும் உடல்நலத்தையும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவுகளாக வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. அச்சம் மிகும்போது அவர் மருத்துவரிடமே உண்மையை மறைப்பார்.

அவர் சொல்ல விரும்புவதைக் கேட்பதற்கும் இடம் வேண்டும். விடியுமுன் வேலைக்குச் செல்லும் பெண், பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால் சிறுநீரை மிகுவிக்கும் இரத்த அழுத்த மாத்திரையைத் தவிர்க்கிறார் எனக் கொள்வோம். ‘மாத்திரை உட்கொள்ளவில்லை’ என்று மட்டும் பதியும் படிவம், நகராட்சியின் குற்றத்தை அவர்மீது சுமத்திவிடும்.

எனவே நாம் கோருவன இவை: ஒப்புதல் வாசகத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும், மறுப்பவருக்கும் சிகிச்சை தடைபடக் கூடாது, வேலை வழங்குபவருக்கு எந்தக் குறிப்பும் செல்லக் கூடாது, குறிப்பின் அச்சுப்படி நோயாளியிடம் இருக்க வேண்டும், பணிச்சூழலை அவர் சொற்களிலேயே பதிய வேண்டும். படிவத்தை வடிவமைக்கும் மேசையில் தூய்மைப் பணியாளர் சங்கங்களும் அமர வேண்டும். நம் உடலைப் பற்றிய குறிப்பு, நம் உரிமைக்கான சான்றாகவும் பயன்பட வேண்டும்.