சுண்ணாம்பு அரைத்த கை

2017-ஆம் வருஷம் ஸ்ரீரங்கம் அரங்கநாத சுவாமி ஆலயத் திருப்பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தபோது ஊரார் அடைந்த பெருமிதம் நியாயமானதே. மழைநீர் ஓடிய பழைய வழிகளை மீட்டு, பிற்காலத்தில் இடையே புகுந்த கட்டுமானங்களை அகற்றி, கோயிலைக் கோயிலாகவே நிலைநிறுத்திய அந்தச் சிரமத்தை உலகம் கவனித்தது என்பது சாமானியமான விஷயமன்று. ஆயினும், கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டிப் பாகையும் சுண்ணாம்பில் கலந்து, நாள் கணக்கில் புளிக்க விட்டு, விரலால் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லும் கொத்தனாரின் பெயர் எந்தக் கல்லில் பொறிக்கப்படுகிறது என்று நாம் விசாரிப்பதில்லை. (உபயதாரர் பெயரோவெனில் குழல்விளக்கில்கூடத் தவறாமல் பிரகாசிக்கிறது!) விருதின் கௌரவத்தில் ஒரு பங்கு அந்தக் கைகளுக்கும் சேர வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அதனினும் முக்கியம், எங்கே திருப்பணி நடந்தாலும் சாரத்தைத் தட்டியால் மறைத்துவிடாமல், வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிப் பிள்ளைகளையும் தெருக்காரர்களையும் அருகே அழைத்து, சுதை உருவம் ஒன்று கண்ணும் மூக்குமாக உருப்பெறுவதைக் காட்டுவது. அப்படிப் பார்த்த பையன், பின்னொரு நாள் பிராகாரத்துக் கல்வெட்டின் முன் எவனாவது பெயின்ட் டப்பாவுடன் வந்து நின்றால், அதிகாரி வரும்வரை காத்திராமல் தானே தடுத்துக் கேட்பான்.