புத்தகத் தொண்டு

சென்ற வாரம் பனியன் தொழிற்சாலையொன்றில் செக்கிங் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார். கையிலிருந்த செல்போனைக் காட்டி, "ஐயா, எழுத்தைப் பெரிதாக்கினால் வரியில் பாதி ஓடிப் போகிறது, வரியைப் பிடித்தால் எழுத்து எறும்பாகி விடுகிறது. எப்படிப் படிக்கிறது?" என்றார். வாங்கிப் பார்த்தோம். நாட்டுடைமையாக்கப்பட்ட ஒரு நூலின் அச்சுப் பக்கங்களைப் படம் பிடித்து, அப்படியே பி.டி.எப். கோப்பாக இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் அது புஸ்தகம்; அவர் கையிலோ வெறும் புகைப்படம்.

இதன் அக்கிரமத்தைத் திருப்பூர் வாசகர்களுக்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை. 80 சென்டிமீட்டர் பனியனை 100 சென்டிமீட்டர் மார்புள்ளவனிடம் கொடுத்து, "துணி உயர்ந்த துணி, போட்டுக் கொள்" என்று எந்த முதலாளியாவது சொல்வாரா? நூல் ஒன்றே, வெட்டு மட்டும் ஆளுக்குத் தக்கபடி வேறாகிறது.

பஞ்சு நூலுக்குச் செய்யும் இக்காரியத்தை ஏட்டு நூலுக்குச் செய்து வருவோர் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளமில்லை, மாலை மரியாதையும் இல்லை. ஸ்விட்ஜர்லாந்தில் வசித்த டாக்டர் கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல தேசங்களில் சிதறிக் கிடக்கும் தமிழரைக் கொண்டு பழைய இலக்கியங்களைத் தட்டெழுதி ஜனங்களுக்கு இலவசமாக வழங்கிற்று. 2013-இல் தோன்றிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' முயற்சி, ஒரே புத்தகத்தை நான்கு வடிவில் தருகிறது: செல்போனுக்கு ஈபப், பழைய கிண்டிலுக்கு மோபி, சிறு வாசிப்புக் கருவிகளுக்கு ஆறங்குலப் பக்கம், காகிதத்தில் அச்சிட்டுக் கொள்வோருக்கு ஏ4 பக்கம். ஈபப் கோப்பில் பக்கம் என்பது நிலையானதல்ல. கண்ணாடி சிறிதானால் வரி தானே மடங்கிக் கொள்ளும். கண் மங்கிய கிழவரும் எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம்.

"பொத்தானை அழுத்தினால் யந்திரம் செய்துவிடும் வேலை இது" என்று அலட்சியமாகப் பேசுவோர் உளர். அவர்கள் ஒரே ஒரு பக்கம் செய்து பார்க்கட்டும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் யந்திரத்திற்குக் காலுக்கும் ரகரத்திற்கும் வேற்றுமை தெரிவதில்லை. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களிலுள்ள பழைய னை, லை, ணா, றா வடிவங்களை அறிந்த மனிதக் கண் ஒன்று கூடவே இருந்தாக வேண்டும். வசனமாவது ஒருவாறு சமாளிக்கும். செய்யுளின் கதி பரிதாபம்! நாலடி விருத்தம் ஏழடியாக மடிந்து, எது அடி, எது சீர் என்று விளங்காமல் நிற்கும். அதைச் சரிப்படுத்துகிறவருக்கு யந்திரப் பயிற்சி கொஞ்சமும் யாப்பறிவு அதிகமும் வேண்டும்.

இங்கே தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ஆசிரியர் 'ஜனம்' என்று எழுதியதை 'மக்கள்' என்று மாற்றிவிட்டால் இளைஞருக்கு எளிதாகுமே என்று ஆர்வமுள்ள நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். கூடவே கூடாது. தையற்காரன் அளவுக்கு வெட்டலாம். துணியை மாற்ற அவனுக்கு அதிகாரமில்லை. அச்சுப் பிழையைத் திருத்தினாலும் திருத்தியதைக் குறிப்பிட்டே தீர வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் தயக்கம் வேண்டாம். ஆனால் எச்சரிக்கை வேண்டும். ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவர் காலமான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். 1957-ஆம் வருஷச் சட்டத்தில் 50 ஆக இருந்ததை, தாகூரின் நூல்கள் பொதுவாகும் தறுவாயில், 1992-இல் 60 ஆக நீட்டினார்கள். ஜவஹர்லால் நேரு 1964-இல் காலமானார். எனவே அவர் காலத்தில் வெளிவந்த நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் எல்லோருக்கும் பொது. அவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பு அப்படியல்ல. அதன் உரிமை மொழிபெயர்த்தவருடையது. மூலம் பழையதாயினும், புதுப் பதிப்பிலுள்ள முன்னுரையும் குறிப்புரையும் பழையன அல்ல. இவ்விஷயத்தில் தவறுவோர் பலர்.

இனி சர்க்காரைக் கேட்கிறோம். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் சென்னை சர்க்கார் வாங்கி, பின்னர் பொதுவாக்கிய நாள் முதல், வாரிசுகளுக்குப் பொருள் கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் நல்ல வழக்கம் நம் மாகாணத்தில் வேரூன்றியிருக்கிறது. பணம் கொடுப்பது ஜனங்கள்; நூலும் ஜனங்களுடையது. பிறகு பக்கப் படத்தோடு நிறுத்திக் கொள்வானேன்? திருத்திய எழுத்துப் பிரதியை யூனிகோடில் வெளியிட்டால் அதிலிருந்து எந்த வடிவமும் செய்துகொள்ளலாம். கருவிகள் நிலையற்றவை. மோபியை வளர்த்த அமேஸான் கம்பெனியே 2022-இல் கிண்டிலுக்கு அனுப்பும் கோப்புகளில் ஈபப்பை ஏற்று, மோபியைக் கைவிட முற்பட்டது. மதுரைத் திட்டத்தாரும் பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற வேண்டியிருந்தது. ஆனால் அவர்களிடம் எழுத்து இருந்தது, மாற்ற முடிந்தது. படத்தை வைத்துக்கொண்டிருப்பவர் எதை மாற்றுவது?

திருப்பூர் அன்பர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1924 டிசம்பரில் பெல்காமில் காந்தியடிகள் தலைமையில் கூடிய காங்கிரஸ், மாதம் 2,000 கெஜம் நூல் கொடுப்பவரே அங்கத்தினர் என்று விதி செய்தது. வக்கீல்களும் டாக்டர்களும் ராட்டையின் முன் உட்கார்ந்து இழை அறுந்து விழித்தார்கள். அந்த விதி ஓராண்டுக்குள் தளர்த்தப்பட்டதென்பதையும் மறைக்க விரும்பவில்லை.  ஆகவே நாம் கேட்பது கட்டாயச் சந்தா அல்ல. கம்பெனிக் கணக்கெழுதி, கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, ஏற்றுமதிக் கடிதம் அடித்துப் பழகிய கைகள் இவ்வூரில் ஆயிரக்கணக்கில் உள்ளன. செக்கிங் மேஜையில் பிசிறும் ஓட்டையும் கண்டுபிடிக்கும் பெண்மணிகளின் கண்ணை நாம் அறிவோம். பிழை திருத்துவதற்கு அதைவிடத் தகுந்த கண் எங்கே கிடைக்கும்? அப்படிப்பட்டவர்கள், விருப்பமிருந்தால், மாதம் 20 பக்கம் கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நமது காரியாலயத்தின் இரண்டு கம்ப்யூட்டர்களை இதற்கென ஒதுக்கி வைத்திருக்கிறோம். செல்போனுடன் வந்த வாலிபர் முதலாவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். அவரைத் தொல்லைப்படுத்திய புத்தகத்தையே முதலில் எடுத்துக்கொள்வதாக உத்தேசம்.