விளக்கவுரையை முதலில் மூடி வையுங்கள்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்த கையோடு, "பைபிள் படிக்க நல்ல சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் பலர். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இ-ஸ்வோர்டு. 2000-ஆம் ஆண்டு வெளியான இலவச சாஃப்ட்வேர் இது. வசனம், விளக்கவுரை, அகராதி, நம் குறிப்புகளை டைப் செய்ய ஓர் இடம் எல்லாம் ஒரே திரையில் கிடைக்கும். இதில் ஒரு ஆங்கிலப் பதிப்பில் சொற்களை ஒட்டிச் சிறு எண்கள் இருக்கும். மூல எபிரேய, கிரேக்கச் சொற்களுக்கு ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவில் கொடுத்த எண்கள் அவை. எண்ணின் மேல் மவுஸை வைத்தால் பொருள் தெரியும். கிரேக்கம் படிக்காத நமக்கு இது பெரிய வசதிதான். இந்த வசதிதான் என்னை ஒருமுறை மாட்டி வைத்தது.

வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில் யோவான் 21-ஆம் அதிகாரம் என் பங்குக்கு வந்தது. இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் பகுதி. ஆங்கிலத்தில் எல்லா இடத்திலும் ஒரே சொல். எண்களைப் பார்த்தால் 25, 5368 என இரண்டு. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் 'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறாயா' என்று பிரித்தே இருக்கிறது. விளக்கவுரையைக் கிளிக் செய்தேன். முதலாவது உயர்ந்த தெய்வீக அன்பு, இரண்டாவது அதைவிடக் குறைந்த நட்பு என்றிருந்தது. பத்தே நிமிடத்தில் பாடம் தயார்! கூட்டத்தில் அப்படியே முழங்கினேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, யோவான் வேறு இடங்களிலும் இந்த இரண்டு சொல்லையும் அப்படித்தான் எழுதியிருக்காரா?" பதில் சொல்லத் தெரியவில்லை.

இரவு வீட்டிற்கு வந்து அந்த இரண்டு எண்களையும் தேடலில் கொடுத்துப் பார்த்தேன். பிதா குமாரன்மேல் வைத்த அன்புக்கு 3:35-இல் முதல் சொல், 5:20-இல் இரண்டாவது சொல். இயேசுவுக்கு அன்பான சீஷனைப் பற்றி 13:23-இல் முதல் சொல், 20:2-இல் இரண்டாவது. பிதாவின் அன்பையே குறிக்கும் சொல்லை எப்படிக் குறைந்த அன்பு என்பது? நான் அத்தனை பேர் முன்னால் உறுதியாகச் சொன்னது அவ்வளவு உறுதியானதல்ல. இதைக் கண்டுபிடிக்க உதவியதும் அதே சாஃப்ட்வேர்தான். முந்தைய நாளே தேடியிருக்கலாம்.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விளக்கவுரைப் பகுதியை முதல் நாள் மறைத்து வையுங்கள். பகுதியை நாலைந்து முறை வாசியுங்கள். தமிழ் வேதாகமம் பக்கத்தில் இருக்கட்டும். யார், எங்கே, எதற்குப் பிறகு என்ற கேள்விகளை டைப் செய்யுங்கள். ஏதாவது சொல் கண்ணில் பட்டால் அது வேறெங்கே வருகிறது என்று தேடுங்கள். விளக்கவுரை மறுநாளும் அங்கேதான் இருக்கும்.

அதே அதிகாரத்தை அப்படி மறுபடி வாசித்தபோது 9-ஆம் வசனத்தில் 'கரிநெருப்பு' என்ற சொல்லில் நின்றேன். அதன் கிரேக்கச் சொல்லைத் தேடினால் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்கள். மற்றது யோவான் 18:18. பேதுரு மூன்று முறை மறுதலித்த இரவில், குளிர்காய்ந்து நின்ற அதே நெருப்பு.

அடுத்த கூட்டத்தில் முதலில் என் தவறைச் சொன்னேன். பிறகு இதைச் சொன்னேன். ஆசிரியை தன் வேதாகமத்தில் 18:18-ஐத் திருப்பி, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்.