வாட்ஸ் கேட்கிறோம், ஓம்ஸ் ஏன் கேட்பதில்லை? ஆம்ப்ளிஃபயர் சூடாகி மூச்சுத் திணறும் கதை

ஹோம் தியேட்டர் வாங்கப் போனால் நம்ம ஊரில் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் அண்ணா?" என்பதுதான். ஸ்பீக்கர் எத்தனை ஓம்ஸ், அதை இந்த ஆம்ப் தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. நகரத்தில் இருப்பவருக்கு ஆம்ப் புகைந்தால் மெக்கானிக் பக்கத்துத் தெருவில் கிடைப்பார். பாச்சலூர் போன்ற மலைக் கிராமத்தில் இருப்பவர், டிரான்ஸ்ஃபார்மர் கனக்கும் செட்டைத் தூக்கிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வரை மலை இறங்க வேண்டும். செலவோடு ஒரு நாள் வேலையும் போச்சு. அதனால்தான் இந்தக் கேள்வியை வாங்கும்போதே கேட்கச் சொல்கிறோம்.

ஓம்ஸ் குறைந்தால் என்ன ஆகும்?

ஆம்ப் 20 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும், 50 வாட்ஸ். 4 ஓம் என்றால் 5 ஆம்பியர், 100 வாட்ஸ். 2 ஓம் என்றால் 10 ஆம்பியர்! வால்யூம் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால், அவுட்புட் டிரான்சிஸ்டரும் பவர் சப்ளையும் நான்கு மடங்கு மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. முடியாதபோது ஒலி கிழியும். அப்படிக் கிழிந்த சிக்னல் முதலில் பதம் பார்ப்பது பெரும்பாலும் ட்வீட்டரைத்தான்.

லேபிளில் 4 ஓம் என்றால் எப்போதும் 4 ஓம்தானா?

இல்லை. பாட்டின் ஸ்வரம் மாற மாற இந்த எண்ணும் ஏறி இறங்கும். சர்வதேச தரநிலைப்படி, குறிப்பிட்ட அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது, 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 வரை இறங்கலாம். அதையும் தாண்டி இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. 1980-களில் வந்த அமெரிக்காவின் அபோஜி சின்டில்லா 1 ஓம் வரை போய், பல ஆம்ப்களைத் திணறடித்துப் பெயர் வாங்கியது.

நம்ம வீட்டில் எங்கே சறுக்குகிறோம்?

* ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாக மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். ஒரே மாதிரியான இரண்டைத் தொடராக மாட்டினால் 8 ஓம்.
* ஆம்பை 'பிரிட்ஜ்' செய்தால், 4 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு பாதிக்கும் 2 ஓம் போலத் தெரியும்.
* 0.75 சதுர மி.மீ. ஒயரை 10 மீட்டர் இழுத்தால், போக வர அரை ஓம் அதிலேயே போய்விடும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிய இழப்பு. 2.5 சதுர மி.மீ. ஒயர் நல்லது.
* சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் செட்டில், 230 வோல்ட் 180-ஆக இறங்கினால் 100 வாட்ஸ் ஏறக்குறைய 61 ஆகிவிடும். பாட்டு மங்குதே என்று வால்யூமைத் திருகினால், அங்கேதான் கிழிசல் ஆரம்பிக்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

"4 ஓமில் தொடர்ந்து எத்தனை வாட்ஸ் ஆர்.எம்.எஸ்.? குறைந்தபட்சம் எத்தனை ஓம் தாங்கும்?" இந்த இரண்டும் போதும். 8 ஓமில் 50, 4 ஓமில் 100-க்குப் பக்கத்தில் தந்தால் அதன் பவர் சப்ளை கெட்டி. 4 ஓமில் 60-தான் என்றால் யோசிங்க. பழைய ஸ்பீக்கரில் லேபிள் இல்லையா? ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள். 3 சொச்சம் காட்டினால் அநேகமாக 4 ஓம், 6 பக்கம் காட்டினால் 8 ஓம்.

அட்டைப்பெட்டியில் '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த எண்ணை அளக்க ஒரு பொதுவான முறையே கிடையாது. அதைப் பெரிதாக அச்சடிக்க இடம் இருக்கும்போது, 'குறைந்தபட்சம் இத்தனை ஓம்' என்ற ஒரு வரிக்கு மட்டும் இடம் இல்லையா? ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் எண்ணிப் பார்த்து வாங்கப் பழகிய நாம், ஓம்ஸையும் கேட்கப் பழகினால் பெட்டியில் அந்த வரி தானாக வரும்.