விதைக்கும் பேரேடு வேண்டும்

ஐ.ஆர். 20 நெல்லை அறியாத உழவர் நம் அங்கத்தினருள் அரியர். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1969-இல் வெளியிட்ட ரகம் அது. அதன் பெற்றோருள் ஒன்றாகிய டி.கே.எம். 6, அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூர்க்குப்பம் பண்ணையில் உருவானது. குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்திற்காகவே அது கடல் கடந்து சென்றது.

அந்நிலையம் 1,30,000-க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைக் காத்து வருகிறது. 1970-களில் பயிரைக் குட்டையாக்கிய நச்சுயிரி நோய்க்கு மாற்றுத் தேடி ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஆராய்ந்தபோது, உத்தரப்பிரதேசத்துக் காட்டுநெல் ஒன்றே கை கொடுத்தது. எந்த விதை என்று உதவும் என யார் அறிவார்?

நாடுகள் கூடி விதை காப்பதும் கூட்டுறவே. பங்கு செலுத்தியவர் பெயர் பதிவேட்டில் ஏறாவிடில் லாபத்தில் உரிமை கோருதல் அரிது. சங்கங்களைப் பார்வையிடுகையில் இதனை நாம் அடிக்கடி காண்கிறோம். உழவர் காத்த ரகங்களைப் பதிவு செய்ய 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது.

தாம்பரம் முதல் முடிச்சூர், மணிமங்கலம், படப்பை வரை வயல்கள் மனைகளாகி வருகின்றன. வயலோடு விதையும் அழியலாகாது. நூலுக்கு இருப்பேடு வைக்கும் நெசவாளர் சங்கங்களைப் போல, விவசாயச் சங்கங்களும் விதைப் பேரேடு தொடங்குதல் வேண்டும். ரகத்தின் பெயர், ஊர், காத்தவர், குணம் ஆகியவற்றை அதில் எழுதுக. தரமணியில் 1988-இல் நிறுவப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியாயினும், வெளிநாட்டு நிலையமாயினும், மாதிரி அளிக்குமுன் இரசீது பெறுக.

அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.