ஆசியாவைத் தழுவ வருகிறவர்கள்

மேல்நாட்டு இளைஞர்களிடையே ஒரு மோகம் பரவியிருக்கிறது. கையில் ஒரு பட்டம். அதன்மேல் நாலு வாரப் பயிற்சியும் ஒரு சான்றிதழும். இவ்வளவுதான் மூலதனம். பாங்கொக்கிலோ ஹனோயிலோ சியோலிலோ விமானத்தை விட்டு இறங்கி, மறுவாரமே ஆங்கில ஆசிரியராகிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, ஆசியாவின் வாழ்வைத் தழுவிக்கொண்டோம் என்று ஊருக்கு எழுதுகிறார்கள். சோறு பழகிவிட்டதாம், மழையும் நெரிசலும் கூடப் பிடித்துவிட்டனவாம். நல்லது. மனிதன் அயல்நாட்டை நேசிப்பதில் நமக்கென்ன ஆட்சேபம்? ஆனால் நினைத்தவுடன் தழுவிக்கொள்ளவும், சலித்தவுடன் கையை எடுத்துக்கொள்ளவும் உரிமை பெற்றவர்கள் யார்? நிவித்திகலப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து திரும்பிய பிறகு இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

அது மாணிக்கக் குழிகளும் இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் கலந்த இரத்தினபுரிச் சீமை. நுவரெலியாவைப் போலத் தமிழர் திரண்டு வாழும் இடமல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாக லயங்கள் கிடக்கின்றன. பாடசாலையும் அப்படித்தான், சிறிது. நான் சென்ற பாடசாலையின் நேர அட்டவணையில் ஆங்கிலம் என்ற சொல் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அதற்குரிய ஆசிரியர்தான் இல்லை. வேறு பாடத்து ஆசிரியை ஒருவர் புத்தகத்தைக் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் அதைக் கோலம் போடுவது போலப் பார்த்து எழுதினார்கள். இடைவேளையில் ஒரு சிறுமி மடித்த தாளொன்றைக் கொண்டுவந்தாள். வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அரபு ஒரு பக்கம், ஆங்கிலம் மறுபக்கம். "சேர், அம்மாவுக்கு லீவு எந்த வரியில இருக்கு?" என்று கேட்டாள். அந்த லயத்தில் அதைப் படித்துச் சொல்ல ஒருவருமில்லை.

இந்த மலைகளுக்கு ஆங்கிலம் அறிந்தவர்கள் வராமலா போனார்கள்? ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வந்தார்கள். துரைமாராக வந்தார்கள். தமிழும் படித்தார்கள்! சின்னத்துரைமாருக்கென்றே கொழும்பில் ஒரு தமிழ்க் கையேடு அச்சிடப்பட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா'. கூலியைக் கூப்பிடத் தமிழ் வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டார்கள். கூலிக்கு ஆங்கிலம் தெரிந்தால் செக்றோலையும் கடன் கணக்கையும் படித்துவிடுவான், ஆகவே கற்பிக்கவில்லை. 1907 ஆம் ஆண்டின் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் கடமையைத் தோட்டத் துரைக்கு விதித்தது. தாய்மொழிக் கல்வி நமது கொள்கை, அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே தாய்மொழி அத்திவாரமாக இடப்படவில்லை, கூரையாகக் கவிழ்க்கப்பட்டது. 1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. எழுபதுகளில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

அந்தப் பழைய கணக்கு தீர்ந்துவிட்டதென்று எண்ணுவோர் தென் கொரியாவைப் பார்க்கட்டும். அந்நாட்டின் ஆங்கில ஆசிரியர் விசா பிரதானமாக ஏழு நாட்டவருக்கே உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. கொரிய மொழியில் ஒரு வார்த்தையும் தெரிய வேண்டியதில்லை. இருபது வருடம் ஆங்கிலம் கற்பித்த இலங்கை ஆசிரியருக்கு அந்தக் கதவு திறக்காது. இலங்கையருக்கும் ஒரு கதவு உண்டு. 2004 இல் இரு அரசுகளும் செய்த ஒப்பந்தம் திறந்த கதவு. அது தொழிற்சாலைக்குப் போகும் வழி. அதற்குக் கொரிய மொழிப் பரீட்சையில் தேறியாக வேண்டும். கற்பிக்கப் போகிறவனுக்கு மொழி வேண்டாம். இரும்பு தூக்கப் போகிறவனுக்கு வேண்டும். இதன் பெயர் மொழிக் கல்வியா? பிறந்த நாட்டை விலைபேசும் சந்தை!

வந்தவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மதம் பரப்பும் சபையின் ஊழியர்தான். எனினும் தமிழைக் கற்று, மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். தம்மிடமிருந்த அறிவை இங்கே விட்டுச் சென்ற மனிதர் அவர். தழுவுதல் என்ற சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு.

நிவித்திகலச் சிங்களக் கிராமத்துப் பிள்ளையின் பாடும் பெரிதாக வேறல்ல. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப் பெயர் 'கடுவ'. வாள் என்று பொருள். கொழும்பின் மேட்டுக்குடி அந்த வாளை இடுப்பில் செருகிக்கொண்டு கிராமத்தானையும் தோட்டத்தானையும் ஒருங்கே வெட்டுகிறது. ஏழைகள் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியதை ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டே கேளாமல் இருந்துவிட்டார்கள்.

ஆசிரிய நண்பர்களே, வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுக் கை கழுவ நமக்கு யோக்கியதை உண்டா? சப்ரகமுவத் தோட்டத்துக்கு நியமனக் கடிதம் வந்தால் அதைத் தண்டனை என்று கருதி, மறுநாளே இடமாற்றத்துக்கு ஆள் தேடுகிறவர் நம்மில் இல்லையா? மாலைதீவில் கற்பிக்கக் கடல் தாண்டத் தயங்காதவருக்கு, இரத்தினபுரியிலிருந்து மலையேறும் பஸ் மட்டும் கசக்கிறது. நாம் கைவிட்ட வகுப்புகளை ஏற்றவர்கள் தோட்டத்து இளைஞர்களே. அவர்களுக்கு 2015 அளவில் உதவி ஆசிரியர் என்று பெயர் சூட்டி அரசு கொடுத்த மாதப் படி 6000 ரூபாய். சியோலில் இறங்கும் இளைஞருக்கு அது சில மணிநேரச் சம்பாத்தியம்.

அந்த இளைஞர்களிலிருந்தே ஆங்கில ஆசிரியர்கள் உருவாக வேண்டும். கல்வியியற் கல்லூரிகளில் அவர்களுக்கென இடம் ஒதுக்கி, முழுச் சம்பளத்தோடு, அவரவர் ஊருக்கு அண்மையில் நியமிக்க வேண்டும். அதுவரை வெற்றிடங்களுக்கு நம்மில் சிலர் போயாக வேண்டும். ஆசிரியர் சங்கங்களின் அடுத்த மாநாட்டில், சம்பளப் பிரேரணைக்குப் பின்னால் அல்ல, அதனோடு சேர்த்தே இதை விவாதத்துக்கு எடுக்கட்டும்.